லங்காவியில் நிற்கும் படகு: அல்சூர் ஏரிக்கரை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏரிக்கரை நண்பர்களே,

நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பழைய ட்ராலர் யாட் வாங்கப் போகிறீர்கள் என்ற சேதி பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா வரைக்கும் போய்விட்டது. புரோக்கர் அனுப்பிய படங்களை உங்களில் ஒருவர் எனக்குத் தள்ளிவிட்டு, "சார், எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்று மட்டும் கேட்டிருந்தார். இன்னொருவர் உள்ளே ஏசி வேலை செய்யுமா என்றார். தனித்தனியாகப் பதில் சொன்னால் நான் சொன்னது ஒன்றாகவும் உங்களுக்குள் பரவுவது வேறாகவும் ஆகிவிடும். கப்பல் இஞ்சின் அறைகளிலேயே தலை நரைத்தவன் என்ற ஒரே உரிமையில், எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். வேறு ஊர்களில் இப்படிக் கூடிக் கணக்குப் போடுகிறவர்கள் கண்ணில் பட்டாலும் நல்லதுதான்.

ஸ்பீடு கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மணிக்கு ஏழு கடல்மைல், அதாவது 13 கிலோமீட்டர். சாயங்காலம் ஆறு மணிக்கு அல்சூரிலிருந்து சில்க் போர்டுக்கு ஆட்டோ போகிற வேகம். இதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவீர்கள் என்றால் இப்போதே பின்வாங்கிவிடுங்கள். பணம் கட்டிய பிறகு பின்வாங்குவது கஷ்டம்.

மிச்சம் இருப்பவர்களுக்கு விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்திருப்பது மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கும் 1978ஆம் வருடத்து கிராண்ட் பேங்க்ஸ் 36. ஃபைபர் உடல், தேக்கு மேல்தளம், ஒற்றை இஞ்சின். சுமார் 12 டன் எடை, 12 அடி 8 அங்குல அகலம். நாலு அடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும். நீர்க்கோட்டில் அதன் நீளம் கிட்டத்தட்ட 35 அடி. இந்த 35 அடிதான் அதன் தலையெழுத்து.

படகு நீரை விலக்கிக்கொண்டு போகும்போது முன்முனையான அணியத்தில் ஓர் அலையும் பின்முனையான அமரத்தில் ஓர் அலையும் எழும்பும். வேகம் கூடக்கூட அந்த இரண்டு அலைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் நீண்டுகொண்டே போகும். அந்தத் தூரம் படகின் நீளத்தை எட்டியதும், படகு தானே எழுப்பிய இரண்டு அலைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற அலை மேட்டின் மேல் 12 டன்னையும் ஏற்றியாக வேண்டும். கணக்கு எளிது: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்குங்கள். 35 அடிக்கு வருவது எட்டுக்குச் சற்றுக் குறைவு. கிராண்ட் பேங்க்ஸின் அடிப்பக்கம் பின்பாதியில் தட்டையாக வருவதால், இரண்டு இஞ்சின் மாட்டியவர்கள் எட்டைத் தாண்டியும் தள்ளியிருக்கிறார்கள். தள்ளலாம். ஆனால் அந்தக் கூடுதல் டீசல் முழுக்க அலை எழுப்பத்தான் போகும்.

ஒற்றை இஞ்சின் 36க்கு ஏறத்தாழ இப்படி வரும்: ஆறு கடல்மைல் வேகத்தில் மணிக்கு நாலரை லிட்டர் டீசல், ஏழில் ஏழரை லிட்டர், எட்டில் 13 லிட்டர். ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. டீசலோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. "பெரிய இஞ்சினா மாத்திப் போட்டுக்கலாம் சார்" என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரைக் கொஞ்சம் உட்கார வைத்து இந்தப் பத்தியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

வேகம் இல்லாத படகை எதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. ராபர்ட் பீபி என்று ஓர் அமெரிக்கக் கடற்படைக் கேப்டன். பாய் இல்லாமல், டீசல் இஞ்சினை மட்டும் நம்பி, சின்னப் படகில் மாகடலைக் கடக்க முடியும் என்று கணக்குப் போட்டு, 50 அடியில் 'பாஸேஜ்மேக்கர்' என்றொரு படகை அவரே வடிவமைத்தார். அது 1963இல் சிங்கப்பூரில் கட்டப்பட்டது. கட்டி முடித்ததும் அதிலேயே ஏறி, நம் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, சூயஸ் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1975இல் 'வாயேஜிங் அண்டர் பவர்' என்ற புத்தகமும் எழுதினார். நீளமான நீர்க்கோடு, சின்ன இஞ்சின், பெரிய டீசல் தொட்டி, ஆத்திரப்படாத மனசு, இவ்வளவுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். இன்றைக்கும் இந்த வகைப் படகுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதே காலத்தில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரைன் என்ற கம்பெனி, மீன்பிடி ட்ராலரின் சாயலில் குடும்பத்தோடு தங்கிப் போகிற படகுகளைக் கட்டத் தொடங்கியிருந்தது. 'ஸ்ப்ரே' என்று 36 அடியில் ஒன்று செய்து பார்த்தார்கள். அது பிடித்துப்போகவே கிராண்ட் பேங்க்ஸ் வரிசை வந்தது. முதலில் மரம், 1973 முதல் ஃபைபர். 36 அடி மாதிரியில் மட்டுமே ஆயிரத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். உங்கள் படகு சிங்கப்பூர் பட்டறையில் பிறந்தது. உயர்ந்த அணியம், முன்னால் தள்ளி நிற்கும் ஸ்டியரிங் அறை, அடியில் முதுகெலும்பு போல நீண்ட ஏரா, ஒரு சின்ன மரக்கம்பம், மேலே மாடியில் இன்னொரு ஸ்டியரிங். பார்த்தால் காசிமேட்டு விசைப்படகுக்கு வார்னிஷ் அடித்தது போல இருக்கும். ஆனால் விசைப்படகுக்கு ஐஸும் வலையும் மீனும் அடியில் பாரமாக உட்கார்ந்துகொள்ளும். இதற்கு அந்தப் பாரம் இல்லை. அதன் விளைவை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது கீழே இறங்குவோம். படங்களில் புரோக்கர் சோபாவையும் சமையல் மேடையையும் பதினைந்து கோணத்தில் எடுத்திருக்கிறார், இஞ்சின் அறைக்கு ஒரே ஒரு படம், அதுவும் மங்கல். எனக்கு அதுவே ஒரு தகவல்.

அங்கே இருப்பது ஃபோர்டு லேமன் 120. இங்கிலாந்தில் டேகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலை லாரிகளுக்காகச் செய்த ஆறு சிலிண்டர் டீசல், 380 கன அங்குலம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருந்த லேமன் கம்பெனி அதை வாங்கிக் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி விற்றது. டர்போ கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு 2500 சுற்றில் 120 குதிரைத்திறன் தரும். நீங்கள் 1700 சுற்றில் ஓட்டும்போது அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்பீர்கள். இப்படி மெதுவாக உழைப்பதால்தான் பத்தாயிரம் மணி நேரம் தாண்டியும் பிரிக்கப்படாத லேமன்கள் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் மீட்டரில் 5,800 மணி நேரம் என்று பார்த்துப் பதறாதீர்கள். 45 வயது தாண்டிய படகில் வெறும் 900 மணி நேரம் என்றிருந்தால்தான் பதற வேண்டும். ஓடாமல் நின்ற டீசல் இஞ்சினுக்குள் உப்புக்காற்று என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

லேமன் 120க்கு ஒரு குணம் உண்டு. அதன் டீசல் இஞ்செக்ஷன் பம்பு, இஞ்சின் ஆயிலைக் குடிப்பதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஆயில் அறை. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்ற வேண்டும். ஒரு டம்ளர் ஆயில்தான், அரை மணி நேர வேலை. ஆனால் சோம்பேறி ஓனர்கள் செய்வதில்லை, டீசல் கசிந்து ஆயிலோடு கலந்து பம்பு தேய்ந்துபோகும். ஓனர் வைத்திருக்கும் பராமரிப்பு நோட்டை வாங்கி இந்த 50 மணி நேரக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மற்றதையெல்லாமும் அவர் ஒழுங்காகச் செய்திருப்பார். நோட்டே இல்லை என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அப்புறம் கூலர்கள். இந்த இஞ்சின் உள்ளே நன்னீரால் குளிர்கிறது; அந்த நன்னீரைக் கடல்நீர் குளிர்விக்கிறது. இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வது சன்னமான செம்புக் குழாய்கள். குழாய்க்குப் பதிலாக அரித்துப்போகட்டும் என்று ஒரு துத்தநாகக் குச்சியைத் திருகி வைத்திருப்பார்கள். அந்தக் குச்சியைக் கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் தடிமனில் இருக்க வேண்டும். ஈர்க்குச்சி மாதிரி இருந்தாலோ, குச்சியே இல்லாமல் வெறும் திருகு மட்டும் வந்தாலோ, குழாய் அரிபடத் தொடங்கி வருடக்கணக்காயிற்று என்று அர்த்தம். ஆயில் கூலரில் ஓட்டை விழுந்தால் உப்புத் தண்ணீர் நேராக ஆயிலுக்குள் போகும், கியர் பெட்டி கூலரில் விழுந்தால் கியருக்குள் போகும். இந்தக் கூலர்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது நல்ல ஓனரின் லட்சணம்.

உங்களுக்கு இன்னொரு படகும் காட்டியிருக்கிறார்கள், தைவானில் கட்டியது, பெர்கின்ஸ் 6.354 இஞ்சின் போட்டது. நான் அதையும் கண்ணால் பார்க்கச் சொல்வேன். காரணம் ஊர்ப்பாசம்தான். சென்னை செம்பியத்தில் சிம்சன் தொழிற்சாலை பெர்கின்ஸ் உரிமத்தில் இஞ்சின் செய்துவந்தது. இந்த 354 குடும்பமும் அங்கே தயாரானதுதான். ஒரு காலத்தில் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் ஓடியது. பிஸ்டன், லைனர், பேரிங் என்று உள்ளுறுப்புகளை நம் ஊரில் தேடினால் கிடைக்கும், பிரித்துப் பூட்டத் தெரிந்த பழைய மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள். கடல்நீர் பம்பு, தண்ணீர் சுற்றும் எக்ஸாஸ்ட் போன்ற கடல் சமாச்சாரங்கள் மட்டும் லாரிக் கடையில் கிடைக்காது. ஆனால் தைவான் படகுகளில் மேலே கட்டிய மர வேலை ஒரே தரத்தில் இருக்காது, பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆகவே இஞ்சினுக்காக மட்டும் அதைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

இஞ்சினைப் பற்றி நான் இவ்வளவு எழுதியதால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய ட்ராலர் யாட்டைக் கொல்வது இஞ்சின் அல்ல. மழைத்தண்ணீர்!

அந்தத் தேக்கு மேல்தளம் படத்தில் அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அது எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது தெரியுமா? ஃபைபர் தளத்தின் மேல் தேக்குப் பட்டைகளை வைத்து, நூற்றுக்கணக்கான திருகுகளை மேலிருந்து முடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு திருகும் ஃபைபரில் ஓர் ஓட்டை. பட்டைகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர்ப் பசை இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. வெயிலில் நாற்பது வருடம் காய்ந்த பசை விளிம்பில் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் பட்டைக்கு அடியில் போகும், திருகு வழியாக இறங்கும். ஃபைபரின் இரண்டு தோலுக்கு நடுவில் இருக்கும் மரம் ஊறும், அழுகும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காதுக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, ஒரு சாண் இடைவெளியில் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டொக் டொக்' என்று கெட்டியாகப் பதில் சொல்லும். ஊறிய இடத்தில் 'பொத்' என்று சத்தம் செத்துப்போகும். அணியத்தில் நங்கூரச் சங்கிலிப் பொறியைச் சுற்றியும், டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றியும், பக்கவாட்டு நடைபாதையிலும் கவனமாகத் தட்டுங்கள். படகைச் சோதிக்க வரும் சர்வேயர் ஈரம் அளக்கும் கருவியும் கொண்டுவருவார். தட்டுவதைப் பார்த்துப் புரோக்கர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கொடுமை. இஞ்சினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு டீசல் தொட்டிகள், சேர்த்து 1,500 லிட்டர் கொள்ளும். அந்தக் காலத்தில் சாதா இரும்பில் செய்தார்கள். டீசல் உள்ளே இருக்கும் வரை உட்பக்கம் எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆனால் மேல்தளத்தில் ஒழுகும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நேரே தொட்டியின் தலையில் விழுகிறது. தட்டையான மேற்பரப்பில் தேங்கி, மேலிருந்து கீழ்நோக்கி அரிக்கிறது. நீங்கள் இஞ்சின் அறையில் நின்று டார்ச் அடித்தால் தொட்டியின் முன்பக்கம் வெள்ளைப் பெயின்டில் பளபளவென்று தெரியும். கையை நீட்டி, ஒரு சின்னக் கண்ணாடியைத் தொட்டிக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைத்து, டார்ச்சை அதன் மேல் அடியுங்கள். துருப் பொருக்கு பொருக்காக எழும்பியிருந்தால் அந்தத் தொட்டிக்கு ஆயுள் முடிந்தது. மாற்றுவதற்குத் தொட்டியைத் துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சினைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். படகின் விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். ஒழுகும் தேக்குத் தளமும் துருப்பிடித்த தொட்டியும் இந்தப் படகுகளில் ஜோடியாக வருவது வழக்கம். ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுங்கள்.

ஜன்னல் சட்டம் ஒழுகுவது, மின்கம்பிகள் பச்சை பூத்திருப்பது, கழிவறைக் குழாய் நாறுவது இதெல்லாம் எல்லாப் பழைய படகிலும் உண்டு. அவற்றை நீங்களே சனி ஞாயிறுகளில் செய்துகொள்ளலாம். ஏசியும் அந்தப் பட்டியலில்தான் வரும். மரத்தால் கட்டிய 1960களின் கிராண்ட் பேங்க்ஸை யாராவது பாதி விலைக்குக் காட்டினால் மட்டும் தொடாதீர்கள். அது பலகை, வங்கு, கலப்பத்து என்று வேறு உலகம். வெப்பக் கடலில் கப்பல் புழு சும்மா இருக்காது. தூத்துக்குடியில் தோணி கட்டிய கைகளை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியுமானால் யோசிக்கலாம்.

படகு ஆடுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆடும், நன்றாகவே ஆடும். பாரமில்லாத அகலமான உடல் பக்கவாட்டு அலையில் சட்டென்று சாய்ந்து சட்டென்று நிமிரும். வயிற்றைப் புரட்டுவது அந்த 'சட்டென்று'தான். பின்பக்கம் இருக்கிற சின்னக் கம்பத்தில் ஒரு துண்டுப் பாய் கட்ட இடம் வைத்திருக்கிறார்கள். ஓட்டுவதற்கு இல்லை, ஆட்டத்தைக் குறைக்க. காற்று பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் உதவும். பீபி தன் படகில் இரண்டு பக்கமும் நீண்ட கழிகளை நீட்டி, அவற்றின் முனையில் மீன் வடிவத் தகடுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். அது நன்றாக வேலை செய்யும், ஆனால் நம் கரையோரம் இரவில் இத்தனை வலை கிடக்கும்போது அதை இழுத்துக்கொண்டு போக நான் துணிய மாட்டேன். வலை என்றதும் ஞாபகம்: ஒற்றை இஞ்சின் படகில் புரொப்பல்லர் ஏராவின் பின்னால் ஒளிந்திருக்கும், சுக்கானின் அடி வரை ஏரா நீண்டு வந்து தாங்கும். இரட்டை இஞ்சினில் இரண்டு புரொப்பல்லரும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு இஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் என்பார்கள். வங்கக் கடலில் வலை சிக்கினால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஒற்றை இஞ்சினே போதும்.

சரி, லங்காவியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவருவது என்ற உங்கள் திட்டம். லங்காவியிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 530 கடல்மைல். அங்கிருந்து சென்னை சுமார் 740. இரண்டாவது ஓட்டத்தை மட்டும் கணக்குப் பார்ப்போம். ஏழு கடல்மைல் வேகத்தில் 106 மணி நேரம், நாலரை நாள், டீசல் 800 லிட்டர். எட்டில் போனால் 93 மணி நேரம், 1,200 லிட்டர். ஆறில் போனால் 123 மணி நேரம், 555 லிட்டர். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் கடைசி வரை தொடாமல் வைப்பது கடல் வழக்கம்; ஆக உங்கள் கையில் இருப்பது ஆயிரம் லிட்டர்தான். எட்டில் ஓட்டினால் 13 மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் வைத்துக்கொள்ள வேண்டிய டீசலில் கை வைத்துவிடுவீர்கள். ஏழில் தாராளம். எதிர்க்காற்றும் நீவாடு என்கிற நீரோட்டமும் சேர்ந்துகொண்டால் ஆறு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாடைக் காற்று தணிந்து கடல் பொறுக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், மறுபடி ஏப்ரல் மே மாதங்களிலும் புயல் பயம். ஜூனில் கச்சான் காற்று வந்துவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். ஐந்து பேர் மாற்றி மாற்றி முறை பார்க்க வேண்டும். உங்களில் எத்தனை பேர் ராத்திரி இரண்டு மணிக்குக் கப்பல் விளக்கைப் பார்த்து அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வீர்கள்?

சென்னைக்கு வந்த பிறகு மேற்கே போகவும் இந்தப் படகுக்கு ஒரு வசதி உண்டு. நாலு அடி ஆழம்தான் வேண்டும் என்பதால் இலங்கையைச் சுற்றாமல் பாம்பன் கால்வாய் வழியாகத் தூத்துக்குடிப் பக்கம் வரலாம். 1914ஆம் வருடத்து இரண்டாகப் பிளந்து திறக்கும் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் அப்படியே மேலே போகிறது. மனு கொடுத்து, பாலம் தூக்கும் நாள் வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காட்சிக்காகவே காத்திருக்கலாம் என்பேன்.

ஆனால், நண்பர்களே, படகை இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். நான் சொல்ல வந்ததே இதுதான், இவ்வளவு சுற்றி வந்துவிட்டேன். உல்லாசப் படகுக்கு இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் படகு விலையில் பாதிக்கு மேல் போய்விடும். கொண்டுவந்து எங்கே கட்டுவீர்கள்? சென்னைத் துறைமுகத்துக்குள் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, அங்கே ஓடுபவை பெரும்பாலும் சின்னப் பாய்ப் படகுகள். 12 டன் படகை மின்சாரம், தண்ணீரோடு கட்டிவைக்கக் கொச்சி போல்காட்டியில் இருப்பது போன்ற மரீனா தேவை. அப்படிப்பட்டவை நம் கரையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. லங்காவியோ 1987 முதல் வரியில்லாத் தீவு. மரீனா, கரையேற்றும் இடம், லேமன் பிரித்துப் பூட்டும் மெக்கானிக், பழைய சாமான் கடை எல்லாம் அங்கேயே. படகு அங்கே நிற்கட்டும், நீங்கள் கோலாலம்பூர் வழியாகப் போய் வாருங்கள். வரிப்பணத்தில் பல வருட விமான டிக்கெட் வாங்கலாம். மலாக்கா நீரிணையும் அதற்கு வடக்கே தாய்லாந்துத் தீவுகளும் ஏழு கடல்மைல் வேகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த கடல். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் அடுத்த நங்கூரத் துறை.

"நம்ம ஊர்க்காரங்களால இதெல்லாம் ஆகுமா" என்று வீட்டில் கேட்கிறார்களாம். ஏரியின் அந்தக் கரையைக் காட்டுங்கள். 1780இல் தொடங்கி, 1834 முதல் பெங்களூரிலேயே இருக்கும் மெட்ராஸ் சாப்பர்கள், இராணுவம் முழுக்க 'தம்பி' என்று கூப்பிடுகிற ஆட்கள், அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் சார்ந்த பொறியாளர் படைப் பிரிவுதான் 'திரிஷ்ணா' என்ற பாய்ப்படகில் 1985 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, உலகத்தைச் சுற்றி, 1987 ஜனவரியில் மும்பை வந்து சேர்ந்தது. இந்தியர்கள் படகில் உலகத்தைச் சுற்றியது அதுவே முதல் முறை. கடற்படையினர் இல்லை, தரையில் பாலம் கட்டுகிறவர்கள். 37 அடிப் படகு, அதுவும் பழையதாக வாங்கியது. படகு எங்கே கிடைத்ததோ அங்கே போய் ஏறினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அதற்கு முன் அல்சூர் ஏரியில் துடுப்புப் போட்டுப் பழகினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். துடுப்புப் போடுங்கள், நுரையீரலுக்கு நல்லது. கடலுக்கு அது போதாது. காசிமேட்டிலோ ராமேஸ்வரத்திலோ படகை நடத்தும் நல்ல ஸ்ராங்கு ஒருவர் சம்மதித்தால், ஒரு ராத்திரி அவரோடு விசைப்படகில் போய் வாருங்கள். யாருக்கு வாந்தி வருகிறது, யாருக்குத் தூக்கம் வருகிறது, யார் கடைசி வரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்துவிடும். மூன்றாமவரைக் கேப்டனாக்குங்கள், அவர் அதிகப் பணம் போட்டவராக இல்லாவிட்டாலும்.

வள்ளுவர் சிலையே நம் ஏரிக்கரையில் 18 வருடம் மூடிக் கிடந்து 2009இல்தான் திறந்தது. நல்ல படகு வாய்க்க ஆறு மாதம் பொறுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். புரோக்கர் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்று சொல்லத்தான் செய்வார்.

முன்பணம் கட்டும்போது, சர்வே பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், புரோக்கர் சிபாரிசு செய்தவர் வேண்டாம். படகைக் கரையேற்றி அடிப்பக்கம் காய்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சின் ஆயில், கியர் ஆயில் இரண்டிலும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையில் சோடியம் கூடுதலாக வந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. ஓட்டிப் பார்க்கும் நாளில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாத இஞ்சினாக இருக்கலாம். முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி வெப்பமானியைப் பாருங்கள், 2500 சுற்றைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தொட்டியின் தலையைக் கண்ணாடி வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சோபா படம் வேண்டாம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் பழைய இஞ்சின் அறைக்காரன்